கல்தீவில் வாழும் ஒரு மொழி

உயர்கல்வியின் பொருட்டு மால்டாத் தீவில் வந்திறங்கும் மாணவனுக்கு முதலில் புலப்படுவது கல்லேயாகும். வீடும் வேலியும் கோட்டையும் தேவாலயமும் தேன்நிறச் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. ஆறு இல்லை, மலை எனத்தக்க மலையும் இல்லை. நாட்டின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். நம்மூர்த் தாலுகா ஒன்றின் அளவே எனலாம்.

ஆயினும் என் உள்ளத்தை ஈர்த்தது அவர்தம் மொழியே. கடைக்காரர் 'மெர்ஹ்பா' என்று வரவேற்கிறார். அது அரபுச் சொல். அவருக்கு நன்றி கூறும்போது நாம் சொல்லும் 'கிராட்சி' இத்தாலியம். கத்தோலிக்கத் தேவாலயத்தில் இறைவனை 'அல்லா' என்றே அழைக்கின்றனர். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் பெயர் 'ரந்தான்'. இரமலான் என்பதன் உறவுச் சொல்தான் இது. கேட்ட முதல் நாள் என் செவியையே நான் ஐயுற்றேன்.

காரணம் வரலாற்றில் உள்ளது. கி.பி. 870இல் அராபியர் இத்தீவை வென்றனர். 1091இல் சிசிலியிலிருந்து நார்மானியர் வந்தனர். காலப்போக்கில் சமயம் மாறிற்று, பேச்சு மாறவில்லை. 1530இல் புனித யோவான் வீரர்கள் ஆட்சியேற்றதும், 1565இல் துருக்கியர் முற்றுகையை முறியடித்ததும், மறு ஆண்டு வலெட்டா நகருக்குக் கால்கோளிட்டதும் யாவரும் அறிந்தவை. சுற்றுலா வழிகாட்டிகள் அவற்றையே ஓயாது உரைப்பர். அவர்கள் விரைந்து கடந்துவிடுவது மொழியின் கதையை. நீதிமன்றமும் கல்வியும் நூற்றாண்டுகளாக இத்தாலியத்தில் நடந்தன. தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பைத் தனக்கு விளங்காத மொழியில் கேட்டு நின்றான் உழவன். கற்றோர் அவன் பேச்சை அடுக்களைக்கும் வயலுக்கும் உரியதென ஒதுக்கினர்.

அதற்கு இலக்கணம் கண்டவர் மிக்கேல் அந்தோன் வஸ்ஸல்லி. 1764இல் பிறந்த இவர், 1791இல் இலக்கணமும் 1796இல் அகராதியும் வெளியிட்டார். சிறையும் நாடுகடத்தலும் கண்ட பின், 1825இல் பல்கலைக்கழகத்தின் முதல் மால்டிய மொழிப் பேராசிரியரானார். நற்செய்தி நூல்களையும் மொழிபெயர்த்தார். 1829இல் மறைந்த அவரது உடல், கத்தோலிக்க நாட்டில், புரோட்டஸ்டண்டுக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறது.

ஆங்கில ஆட்சியினர் மால்டிய மொழிக்கு ஊக்கமளித்தது அன்பினால் அன்று. இத்தாலியத்தின் செல்வாக்கைக் குறைக்கவே என்பது என் கருத்து. நோக்கம் எதுவாயினும் 1934இல் அது ஆட்சிமொழியாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த மால்டியக் கவிதை ஒன்று 1966இல் கண்டெடுக்கப்பட்டபோது, இலக்கியமற்ற மொழி என்ற பழியும் நீங்கிற்று. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவும் விளங்குகிறது. செமித்திய மொழி வேறெதுவும் அவ்வரிசையில் இல்லை. எழுத்தோ உரோமானிய எழுத்து.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் மற்றொன்று என்று வளரும் பிள்ளைகளை நாள்தோறும் காண்கின்ற நம்மனோர்க்கு இந்நிலை புதிதன்று. நாம் பிற மாநிலத்தில் வந்து வாழ்கிறோம். மால்டியரோ சொந்த மண்ணிலேயே அந்நிலையில் இருந்தனர். அவர்களின் தேசியக் கவிஞரான தூன் கார்ம் என்ற பாதிரியாரும் நாற்பது வயது வரை இத்தாலியத்திலேயே கவிதை புனைந்தவர். 1912இல்தான் தாய்மொழியில் எழுதத் தொடங்கினார். நான் பயின்ற நாட்களில் விழாதோறும் எழுந்து நின்று கேட்ட நாட்டுப்பண் அவர் அம்மொழியில் இயற்றியதேயாகும்.