மதுவமும் கடல்நீரும்

முதலாம் உலகப் போரில் (1914–1918) பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் ஜெர்மனியில் கொழுப்புப் பொருள்கள் அருகின. கொழுப்பிலிருந்தே கிளிசரின் எடுக்கப்பட்டு வந்தது. அஃதின்றேல் நைத்திரோகிளிசரின் வெடிமருந்து இல்லை. அந்நெருக்கடியில் கொன்ஸ்டைன், லூடெக்கே என்னும் அறிஞர் இருவர், ஈஸ்ட் எனப்படும் மதுவம் நொதிக்கும் சர்க்கரைக் கரைசலிற் சல்பைற்று உப்பைச் சேர்த்தனர். மதுசாரம் குறைந்தது, கிளிசரின் பெருகியது. மாதந்தோறும் ஏறக்குறைய 1,000 தொன் கிடைத்தது.

கடலில் வாழும் டெபாரியோமைசிஸ் என்னும் மதுவமோ, உப்பைத் தாங்குதற்பொருட்டு இயல்பாகவே கிளிசரினைத் தன் உயிரணுவினுள் சேர்த்துவைக்கின்றது. லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்புக் கொண்ட கடல்நீர் அதற்குத் தடையன்று.

நொதித்தற்சாலைகள் பெருமளவு நன்னீரை வேண்டுவன. அந்நீரைக் குடிப்பதற்கும் பயிருக்கும் விட்டு, கடல்நீரிலேயே இரசாயனப் பொருள்களை ஆக்குதற்கு இத்தகைய மதுவங்களை அறிஞர் இன்று ஆராய்ந்து வருகின்றனர். அன்று அருகியது கொழுப்பு. இன்று அருகிவருவது நன்னீர்.