டெண்டரின் மேல் ஏறியவர்

முத்துப்பேட்டைக்கு இருப்புப்பாதை வந்த ஆண்டு 1894. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு சேர்த்து வசூலித்த தனித் தீர்வையால் மாயவரத்திலிருந்து அந்தப் பாதை போடப்பட்டது. தென்னிந்திய இரயில்வே அதில் வண்டிகளை ஓட்டியது. காவிரி நீரில் விளைந்த நெல்லே தண்டவாளமாயிற்று எனலாம். பட்டுக்கோட்டைக்குப் பாதை நீண்டது 1902-இல்தான். அதுவரை முத்துப்பேட்டையே கடைசி நிலையம்.

நீராவி இஞ்சினுக்கு நெருப்பைப் போலவே நீரும் உயிர். கரி மிச்சமிருக்கும்போதே நீர் தீர்ந்துவிடும். பிற்காலத்தில் மீட்டர் பாதையில் ஓடிய ஒய்.பி. வகை இஞ்சினின் டெண்டர் ஏறத்தாழ 3,000 காலன் கொள்ளும். அதை நிரப்ப ஓர் ஆள் மேலே ஏறியாக வேண்டும். பெரும்பாலும் அவர் இரண்டாவது பயர்மேன், குழுவில் இளையவர். டெண்டரின் பின்புறத்துக் குறுகிய படிகளில், கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறுவார். சில வேளை கரிக்குவியலின் மீதே நடந்து பின்னால் போவார். யானைத் துதிக்கை போல் வளைந்த இரும்புக் குழாயைத் தம் பக்கம் இழுத்து, மூடியைத் திறந்து, அதன் நுனியைத் துளைக்குள் விடுவார். கீழே நிற்பவர் திருகைத் திறப்பார். இதற்குக் குழாய்க்கு நேராக வண்டியை நிறுத்துவது டிரைவரின் திறமை. சில அடி தவறினாலும் மறுபடி நகர்த்த வேண்டும். நிரம்பியதும் குழாயைப் பாதைக்கு இணையாகத் திருப்பி விடவேண்டும். மறந்தால் அடுத்த வண்டி மோதும்.

ஐப்பசி அடைமழையில், இரவில், எண்ணெயும் கரித்தூளும் படிந்த தகட்டின்மேல் இவ்வளவும் நடந்தது. அதில் அலட்சியத்துக்கு இடமில்லை. கொதிகலனில் நீர் குறைந்து நெருப்பறையின் மேற்கூரை வெளிப்பட்டால் அது பழுக்கக் காய்ந்து இளகும். கொதிகலன் வெடிக்கவும் கூடும். அதற்கு முன்பே உருகி, நீராவியை நெருப்பின் மேல் பாய்ச்சி எச்சரிக்க, கூரையில் ஈயம் அடைத்த திருகு ஒன்று வைத்திருந்தார்கள். அது உருகுவது அந்தக் குழுவுக்கே அவமானம்.

எந்த நீரும் ஆகும் என்பதுமில்லை. பாமணியாறும் கோரையாறும் சேரும் முத்துப்பேட்டைக் காயல் கண்ணெதிரே விரிந்து கிடந்தாலும் இஞ்சினுக்கு அது நஞ்சு. உப்பு நீர் கொதிகலனில் நுரைத்து உருளைகளுக்குள் ஏறிவிடும். கடின நீரோ குழாய்களில் கல்லாகப் படியும். கடலோரத்தில் நல்ல நீருக்கு மனிதர் படும் பாட்டை இஞ்சினும் பட்டது.

பின்னர் இந்த ஏற்றத்துக்கே வேறோர் ஆபத்து வந்தது. 1960-களில் சென்னை – விழுப்புரம் பாதையின் மேல் 25,000 வோல்ட் மின்கம்பி ஓடிற்று. கம்பிக்குக் கீழே டெண்டரில் ஏறுவது சாவை அழைப்பதாகும். இங்கிலாந்தில் இதற்காகவே இஞ்சின்களில் மின்னல் குறியிட்ட தகடுகளைப் பதித்தார்கள். நம் முத்துப்பேட்டைப் பாதையில் நீராவிக் காலம் முழுவதும் மேலே வானம் மட்டுமே இருந்தது.

மீட்டர் பாதை 2012-இல் மூடப்பட்டு, 2019-இல் அகலப்பாதையாகத் திறந்தது. அந்தப் பழைய பாதையில்தான் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நம் மக்கள் திருவாரூர் போய், நாகப்பட்டினத்துக்கு வண்டி மாறினார்கள். வண்டி தண்ணீருக்கு நின்ற அந்தச் சில நிமிடங்களில் பெட்டிக்குள் செபமாலையின் அடுத்த பத்து மணிகள் உருண்டிருக்கும். மேலே நனைந்துகொண்டு நின்றவரை யார் பார்த்தார்கள்?