‘பால் பத்துதாம்மா?’ - பிள்ளை பெத்தவங்களைப் பதற வைக்கும் கேள்விக்கு பதில் இதோ!

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தலைப்பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் இருக்கும் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள், ஆப்பிள், பிரெட் பாக்கெட்டோடு ஒரு கேள்வியையும் எடுத்து வருவார்கள். “பால் பத்துதாம்மா?” அக்கறையில் கேட்பதுதான். ஆனால், பிரசவமாகி மூணு நாள்கூட ஆகாத, தூக்கமே இல்லாத ஒரு பெண்ணிடம் ஒரே நாளில் ஏழெட்டு பேர் இதைக் கேட்டால்? ‘ஒருவேளை பத்தலையோ’ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். அடுத்த தடவை குழந்தை வீறிட்டு அழும்போது, வீட்டில் யாராவது பால் பவுடர் டப்பா வாங்க பைக்கை எடுத்துவிடுவார்கள்.

இந்தக் கவலை டெல்டாவுக்குப் புதுசு இல்லை. பாபநாசம் அருகே இருக்கும் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய் வாங்கிப் போகிற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அதே கோயிலின் தல வரலாற்றில், அம்பாள் காப்பாற்றிக் கொடுத்த குழந்தைக்குக் காமதேனு வந்து பால் கொடுத்ததாகவும், கோயிலுக்கு எதிரே இருக்கும் பாற்குளம் அப்படி உண்டானது என்றும் சொல்வார்கள். பிள்ளை பிறந்தாயிற்று, பாலுக்கு என்ன வழி என்று அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள்!

முதலில் ஒரு கணக்கு. பிறந்த முதல் நாளில் குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பது ஒன்று, இரண்டு டீஸ்பூன் அளவுதான். அதன் வயிறும் அவ்வளவு சிறியது. அந்த நாள்களில் சொட்டுச் சொட்டாக, மஞ்சளாக வரும் சீம்பால் அதற்குப் போதும். நோய் எதிர்ப்பு சக்தியும் அதில்தான் நிறைய. வெள்ளையாக, நிறையப் பால் வருவது பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது நாளில். முதல் பிரசவம், சிசேரியன் என்றால் ஒன்றிரண்டு நாள் கூடத் தள்ளிப்போகலாம். ஜூன் 12 மேட்டூரில் தண்ணி திறந்தால் அன்றைக்கே நம்மூர் வாய்க்காலுக்கு வந்துவிடுமா என்ன? அதுவரை செய்ய வேண்டியது, குழந்தையை அடிக்கடி மார்பில் போடுவதுதான். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். பவுடர் பால் கொடுத்து வயிறு நிரம்பிவிட்டால் குழந்தை சப்பாது. சப்பாவிட்டால் ஊறாது. ‘பத்தல’ என்று சொன்னது அப்புறம் நிஜமாகவே பத்தாமல் போவது இப்படித்தான்.

மனசுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு ஹார்மோன்கள். பாலைச் சுரக்க வைப்பது புரோலாக்டின். சுரந்த பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின். இதில் ஆக்ஸிடோசின் கொஞ்சம் கூச்ச சுபாவம். குழந்தையின் வாசனை, அழுகைச் சத்தம், ஏன் குழந்தையை நினைத்தாலே சிலருக்குப் பால் கசியும். வலி, பயம், கூச்சம், பதற்றம் வந்தால் அதே ஆக்ஸிடோசின் தற்காலிகமாகத் தடைபடும். மார்பில் பால் இருக்கும், ஆனால் இறங்காது. சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு ‘அப்படிப் பிடி, இப்படிப் பிடி’ என்று ஆளுக்கொன்று சொல்லும்போது பால் வராமல் போவதற்கு இதுதான் காரணம். கணவர்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி, அந்தக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் ஹாலுக்குக் கூட்டிப்போய் காபி கொடுப்பது.

புரோலாக்டின் ராத்திரியில் அதிகம் சுரக்கும். அதனால் ராத்திரிப் பாலைத் தவிர்க்க வேண்டாம். பகலில் குழந்தை தூங்கும்போது அம்மாவும் தூங்கட்டும். ரீல்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்.

தாத்தாவின் சாய்வு நாற்காலி

குழந்தைக்கும் வேலை தெரியும் என்பதுதான் இதில் சுவாரஸ்யம். சுசான் கோல்சன் என்கிற மருத்துவச்சி பிரிட்டன், பிரான்ஸ் தாய்மார்கள் பாலூட்டுவதைக் கவனித்து, 2008-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாலூட்டும் நேரத்தில் பச்சிளம் குழந்தைகளிடம் 20 வகை இயல்பான அனிச்சைச் செயல்கள் இருப்பதாகவும், அம்மா விறைப்பாக நிமிர்ந்து உட்காராமல் பின்னால் சாய்ந்து, குழந்தையைத் தன் மேல் குப்புறப் போட்டுக்கொண்டால் அவை நன்றாக வேலை செய்கின்றன என்றும் சொன்னார். குழந்தை தலையை ஆட்டித் தேடும், காலால் உந்தும், தானே வாயைத் திறந்து கவ்வும்.

நம் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் சாய்வு நாற்காலி இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் கட்டிலில் முதுகுக்கு இரண்டு, மூன்று தலையணை. முழுசாக மல்லாந்து படுக்க வேண்டாம், அரைவாசிச் சாய்வு. தோளை இறக்கி, மூச்சை நிதானமாக விடுங்கள். சிசேரியன் ஆனவர்கள் குழந்தையைத் தையல் மேல் படாமல் குறுக்காகப் போட்டுக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: குழந்தையோடு நாற்காலியில் தூங்கிவிடக் கூடாது. கண் சொக்கினால் யாரிடமாவது குழந்தையைக் கொடுத்துவிடுங்கள்.

அழும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பசியின் கடைசி அறிகுறிதான் அழுகை. அதற்கு முன்பே வாயைத் திறக்கும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், கன்னத்தைத் தொட்ட பக்கம் திரும்பும். வாய் அகலத் திறந்து, காம்பை மட்டும் இல்லாமல் கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வியிருந்தால் சரி. தொடர்ந்து வலித்தால், சுண்டுவிரலை வாய் ஓரத்தில் விட்டு மெதுவாக எடுத்து, மறுபடி போடுங்கள்.

அம்மாச்சி சொல்வதில் எதைக் கேட்பது?

பூண்டு, முருங்கைக்கீரை, பால் சுறா புட்டு... பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடுதான். ஆனால், பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். தாகத்துக்குக் குடித்தே ஆக வேண்டும். குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணி, தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். வருத்தம் கொடுத்துக்கொள்ளாமல் மறுக்க, ‘டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க அம்மாச்சி’ என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள்.

மார்பில் மல்லிகைப்பூ கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அது பாலை வற்ற வைக்கும் என்பது வெறும் பேச்சு இல்லை. வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் இதை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவுக்கும் அந்தக் குணம் இருப்பதாக 1988-ல் எழுதியிருக்கிறார்கள். பால் கொடுக்க நினைப்பவர்கள் பூவைத் தலையில் வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். பால் கட்டிக்கொண்டால் பால் கொடுப்பதும், கையால் பீய்ச்சி எடுப்பதும்தான் வழி.

தப்பு வீட்டுப் பெரியவர்களிடம் மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். ஆனாலும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்தது சுமார் 60 சதவீதக் குழந்தைகளுக்கு மட்டுமே. கிட்டத்தட்ட 45 சதவீதம் சிசேரியன் என்பதும் இதற்கு ஒரு காரணம். சிசேரியன் ஆனாலும், அம்மாவும் குழந்தையும் நன்றாக இருந்தால் சீக்கிரமே மார்பில் போடலாம். பிரசவத்துக்கு முன்பே இதை டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

நம்பலாம், ஆனால் எண்ணுங்கள்

உள்ளுணர்வை நம்புங்கள் என்றால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம் இல்லை. பால் பத்துதா என்பதற்கு பதில், குழந்தையின் துணியில் இருக்கிறது. ஐந்தாறு நாள் ஆன பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும். அது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். சாயங்காலம் ஆனால் விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருக்கிறதா? அதுவும் இயல்பு, பால் இல்லை என்று அர்த்தம் இல்லை.

சிறுநீர் குறைவது, பாலுக்குக்கூட எழாமல் தூங்குவது, உள்ளங்கை, பாதம் வரை மஞ்சள் பரவுவது, காய்ச்சல்... இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். அம்மாவுக்கு மார்பு சிவந்து, கெட்டியாகி, காய்ச்சல் அடித்தாலும் அப்படித்தான். இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் வெறுப்புமாக இருந்தால் அதையும் வெளியே சொல்லுங்கள். 104-க்கு போன் செய்தாலும் ஆலோசனை கிடைக்கும். டாக்டரே மாற்றுப் பால் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

குறைமாதக் குழந்தை என்றால் கதை வேறு. தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி உண்டு. அம்மாவுக்கு இன்னும் பால் வராத குழந்தைகளுக்கு, மற்ற தாய்மார்கள் தானமாகக் கொடுத்த பால் போகும். வீட்டில் பீய்ச்சி வைத்த பாலைக் கொடுக்க ஃபீடிங் பாட்டில் வேண்டாம். நம்ம பாலாடையே போதும். கழுவுவது சுலபம், குழந்தைக்குக் காம்புக் குழப்பமும் வராது. பீய்ச்சிய பாலை வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தஞ்சாவூர் வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

வெளியூர் போக வேண்டியிருந்தால், 2015 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு முழுக்க 350-க்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் அரசு திறந்த தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. அறை பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேட்கத் தயங்காதீர்கள். அது உங்களுக்காகக் கட்டிய அறை.