வயதா, வரிசையா? பிந்திய பிள்ளைப்பேறு குறித்த தமிழகப் பார்வை

நாற்பத்தைந்து வயதில் முதல் குழந்தையைப் பெறும் பெண்ணுக்கும் அதே வயதில் மூன்றாவது குழந்தையைப் பெறும் பெண்ணுக்கும் தமிழகத்தில் கிடைக்கும் வரவேற்பு ஒன்றல்ல. முன்னவர் தவமிருந்து பெற்றவர். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகைக்கு நேர்ந்துகொண்டதையும் வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டியதையும் குடும்பம் பெருமையோடு சொல்லும். பின்னவரிடம், ‘கல்யாண வயசுல பொண்ணை வச்சுக்கிட்டு இது தேவையா?’ என்று அதே உறவு கேட்கும். ஆகவே, பிந்திய பிள்ளைப்பேறு குறித்த மனநிலையை வயது பற்றிய மனநிலையாகப் படித்தால் அதன் உட்கூறு பிடிபடாது. நம் சமூகம் எண்ணுவது ஆண்டுகளை அன்று, வரிசையை: இது எத்தனையாவது குழந்தை, இப்போது பெறுவது எந்தத் தலைமுறையின் முறை என்பதை. அரசின் திட்டங்களும் பெரும்பாலும் இதே கணக்கைப் பின்பற்றுகின்றன. இந்தக் கணக்கு தாயின் உடல்நலத்தையும் காக்கவில்லை, குழந்தையின் நலனையும் காக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. பழைய வழக்கம், புதிய கூச்சம்

நாற்பதைக் கடந்த தாய்மை நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. பதினைந்து, பதினாறு வயதில் மணமான பெண் மாதவிடாய் நிற்கும் காலம்வரை பெற்றாள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே ஆண்டில் பேறுகாலம் வந்த வீடுகளும், மருமகனைவிட இளைய தாய்மாமன்களும் பல குடும்ப நினைவுகளில் இன்றும் உண்டு. ஆனால் அன்றும் ஒரு வரம்பு இருந்தது. மருமகள் வந்தபின், பேரன் பேத்தி பிறந்தபின், மாமியார் கருவுறுவது வெட்கத்துக்குரியதாகக் கருதப்பட்டது. தென்னிந்தியக் கிராமங்களை ஆராய்ந்த மக்கள்தொகையியலாளர்கள் இவ்வழக்கத்தைப் பதிவுசெய்துள்ளனர். முப்பத்தைந்து வயதில் பாட்டியானவளும் இந்த வரம்புக்குள் அடக்கம் என்பதால், தடை அவள் வயதின்மீது அன்று, அவள் அடைந்த இடத்தின்மீது விழுந்தது என்பது தெளிவு.

குடும்பக் கட்டுப்பாடு இந்த வரம்பை மேலும் முன்னுக்கு இழுத்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மொத்தக் கருவள விகிதம் 1.8. மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் முப்பது வயதுக்கு முன்பே செய்துகொண்டவர்கள். இரண்டாவது பிரசவத்தோடு ‘ஆபரேஷன்’ முடிந்துவிடும். உடலின் கருவளம் நாற்பதுகள்வரை நீடிக்க, சமூகக் கணக்கில் தாய்மை இருபதுகளிலேயே நிறைவடைகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் வரும் கருவெல்லாம் கணக்குக்கு வெளியே நிற்கிறது. நாற்பது வயதுத் தாய் விந்தையானதற்குக் காரணம் உடலியல் மட்டுமன்று, இந்தச் சுருக்கமும்தான்.

2. ஒரே வயது, மூன்று தீர்ப்புகள்

காத்திருந்து பெறுபவருக்கு ஆசி, நிறைவுற்ற குடும்பத்தில் மீண்டும் பெறுபவருக்கு ஏளனம் என்ற இரண்டு தீர்ப்புகளைப் பார்த்தோம். மூன்றாவது ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இறந்தவர்களில் கணிசமானோர் குழந்தைகள். கருத்தடை செய்துகொண்டிருந்த தாய்மாருக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை இலவசமாகச் செய்ய அரசு முன்வந்தது. எந்த அறுவையைச் செய்துகொள்ளச் சொல்லிப் பல பத்தாண்டுகள் பரப்புரை செய்ததோ, அதை நீக்கவும் அதே அரசு உதவியது. அந்தத் தாய்மார் மறுபடி கருவுற்றபோது எவரும் நகைக்கவில்லை. வரிசையில் காலியான இடம் நிரம்புவதாகவே ஊர் அதைக் கண்டது.

ஆணிடம் இந்தக் கணக்கு தளர்ந்துவிடுகிறது. முதுமையில் புத்திரகாமேட்டி செய்த தசரதன் நமக்கு நகைப்புக்குரியவன் அல்லன். மறுமணம் செய்து ஐம்பதில் தந்தையாகும் ஆண் கொஞ்சம் கிண்டலோடு தப்பித்துக்கொள்கிறான். 2018-இல் வந்த ‘பதாய் ஹோ’ இந்திப்படமும் அதன் தமிழாக்கமான ‘வீட்ல விசேஷம்’ படமும் (2022) வளர்ந்த மகன்களுள்ள வீட்டில் தாய் கருவுறுவதைக் கதையாக்கின. மகனின் கூச்சத்தையே நகைச்சுவையின் மையமாக வைக்க முடிந்ததென்றால், அந்தக் கூச்சம் இரு மொழிப் பார்வையாளர்களுக்கும் விளக்கம் தேவையற்ற அளவுக்குப் பழகியது என்று பொருள். அக்கருவால் வெளிப்படுவது நடுவயதுப் பெற்றோரின் தாம்பத்தியம். பிள்ளைகளின் முறை வந்தபின் பெற்றோர் அதைக் கைவிட்டிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அங்கு உடைகிறது.

3. அரசும் அதே எண்ணிக்கையும்

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமும் அதற்குமேல் 12 வாரமும் விடுப்பு என வகுத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் இரண்டு பிரசவங்களோடு நின்றுவிடும். பேறுகால ஓய்வு அதிகம் தேவைப்படுவது இருபத்தெட்டில் மூன்றாவதைப் பெறுபவருக்கா, நாற்பத்திரண்டில் முதலாவதைப் பெறுபவருக்கா என்ற கேள்வியே இவற்றில் எழுவதில்லை. நாற்பத்திரண்டில் மூன்றாவதைப் பெறுபவரோ இருமுறை இழக்கிறார். முதல் மணத்தில் இரு குழந்தைகள் பெற்று, மறுமணத்துக்குப் பின் கருவுற்ற தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு இந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை நீக்கி, மகப்பேறு விடுப்பை இனப்பெருக்க உரிமையின் பகுதியாக ஏற்றது. வரிசைக் கணக்கில் நீதித்துறை ஏற்படுத்திய முக்கியமான விரிசல் இது.

வயதை நேரடியாகப் பேசும் சட்டங்களும் உண்டு. 2019 செப்டம்பரில் குண்டூரில் எழுபது வயதைக் கடந்த பெண் ஒருவர் செயற்கைக் கருத்தரிப்பால் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றது பெரும் விவாதமானது. பின்னர் வந்த 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என உச்சவரம்பு விதித்தது. 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிகளின் போக்கு வேறு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக்கூடாது. எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையெனில் 110 வரை போகலாம். தத்துவிதி குழந்தையிடமிருந்து தொடங்கி, அது ஆளாகும்வரை பெற்றோர் இருப்பார்களா என்று கேட்கிறது. கருத்தரிப்புச் சட்டம் இருவரையும் தனித்தனியே அளப்பதால், 49 வயதுப் பெண்ணும் 54 வயதுக் கணவரும் அதில் தேறிவிடுவர். கைக்குழந்தையைத் தத்தெடுக்க அவர்களுக்கு அனுமதியில்லை.

4. இரு மறுப்புகள்

உறவினரின் முகச்சுளிப்பு உண்மையில் உடல்நலக் கவலைதான் என்று ஒருவர் வாதிடலாம். ஆபத்து மெய்யானதே. டவுன் குறைபாட்டின் வாய்ப்பு 25 வயதுத் தாய்க்கு ஏறக்குறைய 1,250-இல் ஒன்று. 35-இல் 350-இல் ஒன்று. 40-இல் 100-இல் ஒன்று. இரத்த அழுத்தமும் நீரிழிவும் கூடுகின்றன. தந்தையின் வயது ஏற ஏறப் புதிய மரபணுப் பிறழ்வுகளும் பெருகுகின்றன. ஆனால் சமூகத் தீர்ப்பு இந்த ஆபத்தின் வழியே செல்வதில்லை. தானக் கருமுட்டையால் நாற்பத்தெட்டில் முதன்முறை கருவுறுபவருக்கு இரத்த அழுத்த ஆபத்து மிகுதி, வாழ்த்து அவருக்கே. ஏளனமோ ஆபத்தைப் பெருக்குகிறது. மாதவிடாய் நிற்கும் பருவம் என்று நினைத்துக் கருவைத் தாமதமாக உணரும் பெண், ஊர்வாய்க்கு அஞ்சிச் செவிலியரிடம் பதிவுசெய்வதையும் தள்ளிப்போட்டால், அதிகக் கண்காணிப்பு தேவைப்படும் கர்ப்பம் மிகக் குறைவாகக் கண்காணிக்கப்படும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: பிந்திப் பிறந்த குழந்தையை யார் வளர்த்து ஆளாக்குவது? முன்பு கடைக்குட்டியை அக்காமார் இடுப்பில் சுமந்தனர், அண்ணன்மார் படிக்கவைத்தனர். இன்று ஒன்றிரண்டு பிள்ளைகளும் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ பிழைப்பவர்கள். பழைய குடும்பம் பிந்திய பேற்றைத் தாங்கியதற்கான ஏற்பாடு கலைந்துவிட்டது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் இக்கவலை நியாயமானால் அது காத்திருந்து பெறும் தம்பதிக்கும் பொருந்த வேண்டும். அவர்களின் குழந்தைக்கு வளர்ந்த அண்ணனோ அக்காவோகூட இல்லை.

எனவே, வயதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதன்று முடிவு. வயதை இன்னும் நேர்மையாகப் பொருட்படுத்த வேண்டும் என்பதே. தத்துவிதியின் கூட்டு வயதுக் கொள்கை கருத்தரிப்புச் சட்டத்துக்கும் பரிசீலிக்கத்தக்கது. மகப்பேறு நலன்கள் எண்ணிக்கையைவிட்டு உடல்நலத் தேவையைப் பின்பற்ற வேண்டும். முன்பெல்லாம் பொறுத்துப் பெற்றுக்கொள்ளச் சொன்ன ஆட்சியாளர்கள், மக்கள்தொகை அடிப்படையிலான தொகுதி மறுவரையறையில் இடங்களை இழப்போம் என்ற அச்சத்தால் 2025-இல் உடனே பெறச் சொல்லத் தொடங்கினார்கள். எண்ணிக்கைக் கணக்கு தலைகீழானாலும் பெண்ணின் கருப்பை அதில் ஓர் எண்ணாகவே இருக்குமென்பதற்கு இதுவே சான்று. எப்போது பெறுவது என்ற முடிவை, ஆபத்துகளை அறிந்த பெண்ணிடமும் அவளுடைய துணையிடமும் விடாதவரை, முந்திப் பெற்றவளும் பிந்திப் பெற்றவளும் பிறர் கணக்குக்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.