பதிவேடும் நம்பிக்கையும்: ஒல்லாந்தின் வரலாற்றனுபவம்

அரசு தம்மைப் பற்றித் திரட்டும் விபரங்களை மக்கள் நம்பிக்கையுடன் ஒப்படைப்பரா என்ற வினா, பெரும்பாலும் தனிமனித மனப்பாங்கு பற்றியதாகவே நோக்கப்படுகின்றது. அந்நம்பிக்கையை ஆக்குவனவும் அழிப்பனவும் வரலாற்று நிலைமைகளே என்பதை ஒல்லாந்தின் அனுபவம் தெளிவாக்குகின்றது. ஈழத்துக் கரையோரங்களில் வரிக்கும் ஊழியத்துக்குமாக ஒல்லாந்தர் எழுதிய தோம்புகளை நாம் அறிவோம். அவர்தம் தாயகத்திலோ, 1850 முதல் ஊராட்சி மன்றங்கள்தோறும் குடிசனப் பதிவேடுகள் பேணப்பட்டன. பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றுடன் சமயமும் அவற்றிற் பதியப்பட்டது.

1940 மே மாதத்தில் நாஜிப் படைகள் நாட்டைக் கைப்பற்றின. ஆள்வோர் மாறினர், பதிவேடுகளும் அவற்றைப் பேணிய அலுவலர் அமைப்பும் பெரிதும் மாறாதிருந்தன. குடிசனப் பதிவுக்குப் பொறுப்பாயிருந்த யாக்கோப் லென்ட்ஸ், போலி செய்தற்கரிய அடையாள அட்டையொன்றை வகுத்தளித்தார். 1941 இல் யூதர் தம்மைப் பதிவுசெய்ய வேண்டுமென ஆணை பிறந்தது. மிகப் பெரும்பாலோர் பணிந்தனர். ஏறத்தாழ 140,000 யூதருள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பதிவேடு ஒன்றே இதற்குக் காரணமெனல் பொருந்தாது. ஆயினும் கொலைஞரின் தேடலை அது எளிதாக்கிற்று.

எதிர்ப்பும் எழாமலில்லை. 1941 பெப்ரவரியில், தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் அறைகூவலை ஏற்று அம்ஸ்ரடாம் தொழிலாளர் யூதருக்காக வேலைநிறுத்தம் செய்தனர். 1943 மார்ச் 27 அன்று, ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரொண்டேயஸ், சிற்பி கெரிட் வன் டெர் வேன் முதலியோர் அந்நகரப் பதிவகத்துக்குத் தீயிட்டனர். அட்டைகளில் ஒரு பகுதியே அழிந்தது. அவர்களுட் பன்னிருவர் அவ்வாண்டு யூலையிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அரொண்டேயஸும் அவருள் ஒருவர்.

1971 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது ஒரு சாரார் வினாப்படிவத்தை நிரப்ப மறுத்தனர். ஆக்கிரமிப்புக் கால நினைவு அம்மறுப்புக்கு வலுவூட்டிற்று. அடுத்த மதிப்பீடு கைவிடப்பட்டது. வீடுதோறும் சென்று வினவும் மதிப்பீடு அதன்பின் அங்கு நடைபெறவில்லை. ஆயின் எண்ணுதல் நின்றுவிடவில்லை. ஏலவே திரட்டிய பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைத்தே அரசு இன்று மக்களைக் கணிக்கின்றது. மக்கள் விடையளிக்க மறுத்த வினா, அவர்களிடம் கேட்கப்படாமலே விடை பெறுகின்றது. நம்பிக்கையை மீட்பதற்குப் பதிலாக, அது தேவைப்படாத வழியொன்று கண்டறியப்பட்டது எனலாம்.

எனவே, இன்றைய ஆட்சியாளர் நம்பத்தக்கவரா என வினவுவதோடு நாம் அமைதல் போதாது. அரசு யந்திரம் கைமாறக்கூடியது. ஏடும் அதனுடன் கைமாறும். எதனைப் பதிவது என்பதினும் எதனைப் பதியாது விடுவது என்பதே முதன்மையான அரசியல் வினாவாகும். பதியப்படாத சமயத்தை எந்த ஆக்கிரமிப்பாளனும் ஏட்டில் வாசித்தல் இயலாது.