தொடக்கப்பள்ளி வரலாற்றுக் கல்வியில் சான்றின் இடம்: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து

முன்னுரை

தொடக்க வகுப்புகளில் வரலாறு பெரும்பாலும் அரசர் பெயர், ஆண்டு, சாதனை என்ற பட்டியலாகவே குழந்தைகளைச் சென்றடைகிறது. சிறுவர்க்கு மனப்பாடம் எளிது, ஆராய்ச்சி எட்டாதது என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். ஆனால் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தையும் சான்றைக் கொண்டு முடிவுக்கு வர வல்லது. அந்த ஆற்றலை வளர்ப்பதே தொடக்கப்பள்ளி வரலாற்றின் முதற்பணி என்பது இக்கட்டுரையின் வாதம்.

வயதும் வரலாற்றுச் சிந்தனையும்

பியாஜேயின் அறிவு வளர்ச்சிப் படிநிலைகளை வரலாற்றுப் பாடத்துக்குப் பொருத்திப் பார்த்த ராய் ஹாலம், அத்துறையில் முறையான தருக்கச் சிந்தனை பதினாறு வயதை ஒட்டியே கைவருகிறது என்று 1960களில் இங்கிலாந்தில் எழுதினார். பின்னர் 1990களில் பீட்டர் லீ, ரோசலின் ஆஷ்பி, அலாரிக் டிக்கின்சன் ஆகியோர் 7 முதல் 14 வயது வரையிலான மாணவர்களை ஆராய்ந்தனர். ஏழு வயதினர் சிலரின் விளக்கங்கள் பதினான்கு வயதினர் சிலருடையவற்றைவிட முதிர்ந்திருந்தன. ஆகவே வயதை மட்டும் காட்டிக் கதவை அடைப்பது பொருந்தாது.

காலவுணர்வும் இவ்வாறே. அமெரிக்காவில் கீத் பார்ட்டன், லிண்டா லெவ்ஸ்டிக் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டு எண்கள் பொருள்படாத சிறுவர்களும் உடை, வண்டி, கருவி ஆகியவற்றைப் பார்த்துப் படங்களை முன்பின்னாக அடுக்கினர். முதலில் வரிசை, பிறகு ஆண்டு என்பதே குழந்தைக்கு இயல்பான வழி.

கல்வெட்டு வகுப்பறைக்கு வரும்போது

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நம் பாடநூல்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் ‘குடவோலை முறை நிலவியது’ என்ற ஒற்றை வரியில் அவற்றின் வளம் மறைந்துபோகிறது. ஊர்ச் சபையின் குழுக்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க, ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டது. சபை கூடிய இடத்தில், பெயர் எழுதிய ஓலைகள் இட்ட குடம் எல்லோரும் காணுமாறு தூக்கிக் காட்டப்பட்டது. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதை வாங்கியவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று, உரக்க வாசித்தார்.

இதை எளிய தமிழில் சொல்லிவிட்டு ஆசிரியர் இரண்டு வினாக்கள் எழுப்பினால் போதும். சிறுவனை ஏன் அழைத்தார்கள்? விரல்களை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? கையில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்திருக்கலாமே என்று நான்காம் வகுப்புக் குழந்தையால் ஊகிக்க முடியும். ஒரு விதிக்குப் பின்னே ஓர் அச்சம் இருந்திருக்கும் என்று உய்த்துணர்வது உண்மையான வரலாற்றுப் பணி.

அடுத்து ஒப்பீடு. பொ.ஆ. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு வயது வரம்பை 30 முதல் 60 என்கிறது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு 35 முதல் 70 என்கிறது. இரண்டே ஆண்டில் விதி மாறியது ஏன்? உறுதியான விடை கல்லில் இல்லை. குழந்தைகள் காரணங்களை முன்வைக்கலாம். எது பொருந்தும் என்று விவாதிக்கலாம். சான்று பேசும் எல்லையையும் அது மௌனமாகும் இடத்தையும் இங்கேயே கற்கிறார்கள்.

உறுப்பினராகச் சொந்த நிலமும் வேதக் கல்வியும் வேண்டும் என்ற தகுதிகளைப் படித்ததும், யார் யார் வெளியே நின்றிருப்பார்கள் என்று குழந்தைகளே பட்டியலிடுவார்கள். ‘அன்றே மக்களாட்சி’ என்ற பெருமிதம் அப்போது உரசிப் பார்க்கப்படுகிறது. அதனால் பெருமை குறையாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முறைகேட்டைத் தடுக்க இத்தனை நுட்பமாக யோசித்தவர்கள்மீது காரணமறிந்த மதிப்பு பிறக்கும்.

எதிர்வாதங்கள்

கதையின் சுவை கெடும் என்பது ஒரு தடை. கதை வேண்டும், ‘இது எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி அதன் விறுவிறுப்பைக் கூட்டவே செய்யும். பாடத்தை முடிக்க நேரம் போதாது என்பது வலுவான தடை. ஒவ்வொரு பாடத்தையும் இவ்வாறு நடத்தத் தேவையில்லை. பருவத்துக்கு ஒரு சான்றை ஆழமாக எடுத்து, எஞ்சியவற்றைச் சுவரில் ஒட்டிய படவரிசையில் காலமுறைப்படி இணைத்தால் தொடர்ச்சி கெடாது.

முடிவுரை

இம்மாற்றம் வினாத்தாளை எட்டாதவரை வகுப்பறையில் நிலைக்காது. ‘குடவோலை முறை எந்த ஊரில் இருந்தது?’ என்ற வினாவுக்கு ஒரு சொல் போதும். ‘ஓலையை வாங்கியவர் விரல்களை விரித்தது ஏன்? காரணத்துடன் எழுதுக’ என்ற வினாவுக்குச் சிந்தனை வேண்டும். ஐந்தாம் வகுப்பை முடிக்கும் குழந்தை பத்து அரசர்களின் பெயரை மறந்துபோகலாம். ஒருவர் சொல்லும் செய்திக்கு ஆதாரம் கேட்கும் பழக்கத்தை மறக்கக் கூடாது.