பேரிங் வண்டியும் கரும்பலகைச் சரிவும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பேரனுக்குக் கூரியரில் ஒரு டப்பா வந்தது. உள்ளே ஒரு மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், நான்கு ஆணி. கட்டையைச் சீவி, கார் போலச் செய்து, சாய்த்து வைத்த பலகையில் உருட்டிவிட வேண்டுமாம். மோட்டார் கிடையாது, பாட்டரி கிடையாது. "பாட்டி, இத யாரு கண்டுபுடிச்சாங்க?" என்று கேட்டான். ரிடையர் ஆன டீச்சரிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவேனா? அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் டப்பாவின் கதை. 1933-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், டேட்டன் நகரம். பஞ்ச காலம். மைரன் ஸ்காட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், தெருப் பிள்ளைகள் தாங்களே செய்த வண்டிகளில் உட்கார்ந்து சரிவில் இறங்கிப் பந்தயம் விடுவதைப் பார்த்தார். பழைய பெட்டி, பலகை, கிடைத்த சக்கரம், அவ்வளவுதான் வண்டி. அதையே பெரிய போட்டியாக நடத்தினார். 1934-ல் அது தேசியப் போட்டி ஆனது. பெயர் 'சோப் பாக்ஸ் டெர்பி'.

இருபது வருடம் கழித்து, கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊர். டான் மர்ஃபி என்பவர் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். மகனுக்கு வயது 10. சோப் பாக்ஸ் பந்தயத்தில் சேர அப்போது 12 வயது ஆகியிருக்க வேண்டும். ஏங்கிப் போன பிள்ளைக்காக, உட்கார்ந்து ஓட்டும் வண்டியை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினார் அந்த அப்பா. 1953 மே 15 அன்று சாரணர் இயக்கத்தின் குருளையர் சிறுவர்கள் முதல் பந்தயம் விட்டார்கள். பைன் மரக்கட்டை என்பதால் 'பைன்வுட் டெர்பி'. கார் 5 அவுன்ஸுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. நம் கணக்கில் சுமார் 142 கிராம்.

"அப்போ அமெரிக்காக்காரங்கதான் கண்டுபுடிச்சாங்களா?" என்றான் பேரன். அவசரப்படாதே என்றேன்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியவை பத்துப்பாட்டில் இரண்டு: பட்டினப்பாலை, பெரும்பாணாற்றுப்படை. இரண்டிலும் பிள்ளைகளின் பொம்மை வண்டியை அவர் விடவில்லை. பட்டினப்பாலையில், துறைமுகப் பட்டினமான காவிரிப்பூம்பட்டினத்து வீதியில், குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேர் உருள்கிறது. பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும் அளவுக்கு அழகாகச் செய்த தேரைக் குழந்தைகள் உருட்டிக் களைக்கிறார்கள். பிற்காலத்தில் வந்த பிள்ளைத்தமிழில், ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவத்துக்கே சிறுதேர் என்று பெயர். நடைவண்டி பிடித்து நடை பழகியவர்களும், நுங்கு வண்டி ஓட்டியவர்களும் இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் இருப்பீர்கள்!

இனி நம் வடசென்னைக்கு வருகிறேன். 1856-ல் ராயபுரம் ஸ்டேஷன் திறந்து, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட ஊர் இது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, எண்ணூரில் லாரியும் பஸ்ஸும் செய்தது. அதே 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட் செய்தது. டயருக்குப் பேர்போன எம்.ஆர்.எஃப். கம்பெனியும் 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பிள்ளைகளுக்கான பலூன் செய்துதான் ஆரம்பித்தது. உருளும் பொருள் எல்லாம் எங்கள் ஊர்ப் பொருள் என்று நாங்கள் பெருமை பேசுவோம்.

இப்படி ஒரு ஊரில் பிள்ளைகளின் வண்டி எதில் ஓடும்? பேரிங்கில்தான். லாரி ஒர்க்‌ஷாப்பில் தேய்ந்து கழித்த பால் பேரிங் மூன்று. பின்னால் ஒரு கட்டையில் இரண்டு, முன்னால் போல்ட் போட்டுத் திரும்பும் கட்டையில் ஒன்று. நடுவில் பேக்கிங் பெட்டிப் பலகை. சிமெண்ட் ரோட்டில் அது எழுப்பும் கடகட சத்தத்தில் மதியத் தூக்கம் யாருக்கும் கிடையாது.

ஆனால் நம் பகுதி தாம்பாளம் மாதிரி தட்டை. சரிவு வேண்டுமென்றால் பாலத்துக்குத்தான் போக வேண்டும். மற்ற இடத்தில் யாராவது தள்ள வேண்டும். எங்கள் வீட்டில் தம்பி உட்காருவான், நான் தள்ளுவேன். ஒரு நாளும் என்னை உட்கார விட்டதில்லை. "பொம்பளப் புள்ள உக்காரலாமா?" என்பாள் ஆயா.

பிறகு நான் டீச்சர் ஆனேன். தொண்ணூறுகளில் ஒரு நாள், என் வகுப்புப் பையன் ஒருவன் பாலத்துச் சரிவில் பேரிங் வண்டி விட்டு, எதிரே லாரி வர, ஒடித்துத் திருப்பிக் கவிழ்ந்தான். கை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியதே பெரிது. மறுநாள் நான்கைந்து பிள்ளைகளின் வண்டிகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். வகுப்பே ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போதுதான், மூலையில் கிடந்த பழைய கரும்பலகையைப் பெஞ்சின் மேல் சாய்த்து வைத்தேன். சரிவு தயார். "கையளவு வண்டி செஞ்சுட்டு வாங்க" என்றேன். ரப்பர் செருப்பில் வெட்டிய சக்கரம், சோடா மூடி, நூல்கண்டுக் கட்டை என்று வந்து குவிந்தது. அச்சுக்குத் துடைப்பக்குச்சி, அது சுழலக் காலி ரீஃபில் குழாய். தள்ள ஆள் வேண்டாம், பூமியே இழுத்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் கோட்டில் வைத்து விட வேண்டியதுதான்.

பாடம் தானாக வந்தது. உராய்வே இல்லை என்றால் கனமானதும் லேசானதும் ஒன்றாகத்தான் இறங்கும், இது கலிலியோ காட்டியது. நிஜத்தில் காற்றும் சக்கரமும் கொஞ்சம் வேகத்தைத் தின்னும். லேசான வண்டிக்கு அந்த நஷ்டம் பெரிது, கனமான வண்டிக்குச் சிறிது. அதனால் சக்கரம் லேசாகவும் உடம்பு கனமாகவும் இருந்தால் நல்லது. எடையைப் பின்பக்கம் வைத்தால் கிளம்பும்போது அது கூடுதல் உயரத்தில் இருக்கும், அதுவும் லாபம். தேங்காய் எண்ணெய் போட்ட அச்சில் புழுதி ஒட்டியது. பென்சில் கரித்தூள் போட்டவள் ஜெயித்தாள். இதெல்லாம் பிள்ளைகளே கண்டுபிடித்தது.

இரண்டாம் வருடம் ஒரு வண்டி வந்தது. லேத்தில் கடைந்த சக்கரம், கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. மற்றதெல்லாம் பாதி தூரம் வருவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது. "டீச்சர், அது அவன் வண்டி இல்ல, அவங்கப்பா வண்டி" என்று வகுப்பே கத்தியது. பையன் தலை நிமிரவில்லை. பரிசாக வைத்திருந்த ஜியாமெட்ரி பாக்ஸை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

அவன் அப்பா டர்னர். கூப்பிட்டு விட்டேன், நாலு வார்த்தை கேட்கலாம் என்று. நைட் ஷிஃப்ட் முடிந்த கண்ணோடு வந்தார். "நான் வீட்டுக்கு வர்றப்ப இவன் ஸ்கூலுக்குக் கெளம்பிடுவான் டீச்சர். அந்த ஒரு நாள்தான் ரெண்டு பேரும் சேந்து உக்காந்தோம்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் பெரிதாக வெடித்திருக்கிறது. 1973 சோப் பாக்ஸ் போட்டியில் ஜெயித்த 14 வயதுச் சிறுவனின் வண்டி மூக்கில் மின்காந்தம் ஒளித்து வைத்திருந்தது. புறப்படும் இடத்தில் இருந்த இரும்புத் தகடு அதை முன்னால் இழுத்துவிட்டது. பட்டம் பறிபோனது. பின்னால் இருந்தவர் அவன் உறவுக்காரப் பெரியவர். அது ஏமாற்று. எங்கள் டர்னர் செய்தது ஏமாற்று இல்லை. அப்பா உதவக்கூடாது என்று நான் விதி எழுதவே இல்லையே! அந்தப் பரிசைக் கொடுக்காதது என் தவறு. இன்றும் உறுத்துகிறது.

அடுத்த வருடம் வார லீவு நாளில் அவரையே வகுப்புக்கு வரச் சொன்னேன். ஹேண்ட் டிரில்லில் ஓட்டை நேராகப் போடுவது எப்படி என்று நாற்பது பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுத்தார். விதி ஒன்றே ஒன்று: பெரியவர்கள் கழிவுக் கட்டையில் செய்து காட்டலாம், வண்டிக் கட்டையைப் பிள்ளை மட்டுமே தொட வேண்டும். அவர் மகன் அந்த வருடம் மூன்றாவதாக வந்தான். தலை நிமிர்ந்துதான் நின்றான்.

பேரனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, உப்புத்தாளை அவன் கையில் கொடுத்தேன். "நீங்க பண்ணித் தாங்க பாட்டி" என்றான். காலிக் கட்டை ஒன்றை எடுத்து, எப்படித் தேய்ப்பது என்று மட்டும் காட்டினேன்.

உங்கள் தெருவில் பேரிங் வண்டி ஓடியதா? யார் உட்கார்ந்தது, யார் தள்ளியது? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.